உடற்சூட்டுக்கு ஹோர்மோனா, மனச்சோர்வு மாத்திரையா?

மாதவிடாய் நிற்கிற வயதில் நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறுகிறது. நுவரெலியாக் குளிரிலும் நடுராத்திரியில் சட்டை நனைந்து, கம்பளியை உதறிவிட்டு, ஐந்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு மறுபடி இழுத்துப் போர்த்த வேண்டியிருக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லோர்மேலும் எரிச்சல். இதற்கு மருந்து கேட்டுப் போகும் பெண்ணின் கைக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று வந்து சேரும். ஒன்று, சூலகம் சுரப்பதை நிறுத்திய ஈஸ்ட்ரஜனை வெளியிலிருந்து கொடுக்கும் ஹோர்மோன் சிகிச்சை. மற்றது, மனச்சோர்வுக்கென்று உண்டாக்கப்பட்டு, உடற்சூட்டையும் ஓரளவு தணிக்கும் என்று பின்னால் தெரியவந்த மாத்திரை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வயது 60க்குக் கீழே, மாதவிடாய் நின்று 10 வருடம் தாண்டவில்லை, மார்புப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ மாரடைப்போ வந்ததில்லை, பெரிய தொல்லை உடற்சூடும் இரவு வியர்வையும்தான் என்றால் ஹோர்மோனே முதல் தெரிவு. ஹோர்மோன் கூடாதவர்களுக்கும், வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும், உண்மையாகவே மனச்சோர்வு நோய் இருப்பவர்களுக்கும் மற்ற மாத்திரை. பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: உடற்சூடு மட்டுமே குறையாக இருந்தால் மனச்சோர்வு மருந்தை முதல் மருந்தாகக் கொடுக்கக் கூடாது. நடப்பு பல இடங்களில் தலைகீழாக இருப்பதற்குக் காரணம், ஒன்று கையில் எளிதில் கிடைக்கிறது, மற்றதற்கு அலைய வேண்டியிருக்கிறது. கிடைப்பது பொருத்தமானதுதானா என்று கேட்க ஒரு பெண்ணுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இனி வருவது.

முதலில் எது தொல்லை என்று பிரித்துப் பாருங்கள்

கிளினிக்குக்குப் போகுமுன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பகலில் எத்தனை தடவை சூடு ஏறியது, இரவில் எத்தனை தடவை எழும்ப வேண்டி வந்தது, கடைசி மாதவிடாய் எப்போது, மனம் எப்படி இருந்தது: நான்கு நிரல் போதும். டொக்டருக்கு ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத ஓ.பி.டி.யில் "உடம்பு முடியல, படபடப்பா இருக்கு, தூக்கமே இல்ல" என்று மட்டும் சொன்னால் அது மனநோய் போலவே கேட்கும். "பகலில் எட்டுத் தடவை, இரவில் மூன்று தடவை சூடு ஏறி வியர்க்கிறது, மாதவிடாய் ஏழு மாதமாக இல்லை" என்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எண்களைக் காட்டலாம். அந்தச் சீட்டை, சிங்களம் எழுதத் தெரிந்த மகளிடமோ மகனிடமோ கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடத்திலேயே சூடு தொடங்கிவிடும். 45 வயதுக்கு மேல், மாதவிடாய் தாறுமாறாகி உடற்சூடும் இருந்தால், ஹோர்மோன் அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனை தேவையே இல்லை. அந்த அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தனியார் ஆய்வுகூடத்தில் அதற்குப் பணம் கட்டுவது வீண். கட்டுவதென்றால் ஹீமோகுளோபினுக்கும் தைரொய்ட்டுக்கும் கட்டுங்கள். இரத்தசோகை இருந்தால் படபடப்பு, களைப்பு, ஏற்றத்தில் மூச்சு வாங்குதல் எல்லாம் வரும். தைரொய்ட் கூடினால் வியர்வையும் தூக்கக் கேடும் அப்படியே மாதவிடாய் நிற்கும் காலத்தைப் போல இருக்கும். மாதவிடாய் நிற்பதற்கு முந்திய காலத்தில் இரத்தப்போக்கு கூடுவதால் பலருக்கு இரும்புச்சத்து குறைந்தே இருக்கும். அதற்கு மேல் சோற்றோடு சாயத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டாது. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. பிள்ளை வேண்டாம் என்று எல்.ஆர்.டி. செய்துகொண்ட பெண்கள் தேயிலைத் தோட்டங்களில் நிறைய. இருபது வருடம் கழித்துச் சூடு வந்தால் "அந்த ஒப்பரேஷனால்தான்" என்று சொல்வது வழக்கம். அந்தச் சத்திரசிகிச்சை கருக்குழாயை மட்டுமே அடைக்கிறது, சூலகத்தைத் தொடுவதில்லை. கருப்பையோடு சூலகங்களையும் எடுத்திருந்தால் கதை வேறு: மறுநாளிலிருந்தே சூடு கடுமையாகத் தொடங்கலாம். 45 வயதுக்குள் அப்படி எடுத்தவர்களும், 40 வயதுக்குள் தானாக மாதவிடாய் நின்றவர்களும், தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதான ஐம்பதை ஒட்டும்வரை ஹோர்மோன் எடுப்பதே நல்லது. அவர்கள் சூட்டுக்காக மட்டும் அதை எடுப்பதில்லை. எலும்பும் இதயமும் பத்து வருடம் முன்கூட்டியே தேயத் தொடங்குவதைத் தடுக்கவும்தான். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது தவறான சிகிச்சை.

சூட்டைத் தணிப்பதில் எது எவ்வளவு

வழக்கமான அளவு ஈஸ்ட்ரஜன் உடற்சூட்டின் எண்ணிக்கையைச் சுமார் 75 வீதம் குறைக்கும். மனச்சோர்வு மருந்துகளில் இதற்கு உதவுபவை 25 முதல் 65 வீதம் வரை குறைக்கின்றன; மருந்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறும். மருந்தே இல்லாத வெற்று மாத்திரைகூட ஆய்வுகளில் 25, 30 வீதம் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்து இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்து 2014இல் வெளியானது. 339 பெண்கள், எட்டு வாரம். ஒரு குழுவுக்கு எஸ்ட்ரடையோல் என்ற ஈஸ்ட்ரஜன் 0.5 மி.கி., இன்னொன்றுக்கு வென்லாஃபக்சின் என்ற மனச்சோர்வு மருந்து 75 மி.கி., மூன்றாவதுக்கு வெற்று மாத்திரை. தொடக்கத்தில் நாளுக்குச் சராசரி எட்டுத் தடவை சூடு ஏறியது. முடிவில் ஹோர்மோன் குழுவில் 53 வீதம், வென்லாஃபக்சின் குழுவில் 48 வீதம், வெற்று மாத்திரையில் 29 வீதம் குறைந்தது. இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்று இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள்: 0.5 மி.கி. என்பது மிகக் குறைந்த அளவு. வழக்கமாகக் கொடுப்பது 1 மி.கி., தேவைப்பட்டால் 2. ஆனாலும் வென்லாஃபக்சினை ஏமாற்று மருந்து என்று ஒதுக்க முடியாது என்பதற்கும் இதே ஆய்வுதான் சாட்சி.

வேகத்தில் மனச்சோர்வு மாத்திரைக்குத்தான் சற்று முந்துகை. சூட்டைப் பொறுத்தவரை இரண்டு வாரத்துக்குள் பலன் தெரியும். தெரியாவிட்டால் அளவைக் கூட்டிப் பார்த்து, நான்கு வாரத்தில் முடிவெடுத்துவிடலாம். மனச்சோர்வுக்கு அதே மாத்திரை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். ஹோர்மோனில் மூன்று நான்கு வாரத்தில் குறையத் தொடங்கி, முழுப் பலன் தெரிய மூன்று மாதமாகும். இரண்டாவது வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதும் ஹோர்மோன் தோற்பதற்கு ஒரு காரணம்.

2002இல் வந்த பயம்

ஹோர்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பேச்சு, 2002 ஜூலையில் இடையில் நிறுத்தப்பட்ட அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. 16,608 பெண்கள், சராசரி வயது 63. கொடுத்தது குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரஜன் 0.625 மி.கி., அதோடு மெட்ரொக்சிபுரொஜெஸ்ட்ரோன் என்ற செயற்கைப் புரொஜெஸ்ட்ரோன் 2.5 மி.கி. கண்டது: 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்தால் மார்புப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, நுரையீரலில் இரத்தக்கட்டி 8, மாரடைப்பு 7 கூடுதல்; இடுப்பெலும்பு முறிவு 5, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைவு. கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் கொடுத்த கிளையில் மார்புப் புற்றுநோய் கூடவில்லை.

அந்த எண்களில் பொய் இல்லை. அறுபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு வந்ததை நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றியதுதான் பிழை. ஐம்பதுகளில் உள்ளவர்களுக்குப் பிரித்தானியக் கணக்கு இப்படி: 1,000 பெண்களில் ஐந்து வருடத்தில் 23 பேருக்கு எப்படியும் மார்புப் புற்றுநோய் வரும். ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்ட்ரோனும் சேர்ந்த இரட்டை ஹோர்மோன் எடுத்தால் இன்னும் 4 பேர். உடற்பருமன் இருந்தால் இன்னும் 24 பேர். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் உடலை அசைத்து வேலை செய்தால் 7 பேர் குறைவு. நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற பெண் அந்தக் கடைசி வரியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இரத்தக்கட்டிதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரஜன் ஈரலைக் கடந்து போகும்போது, இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தோலில் ஒட்டும் பட்டையும் பூசும் ஜெல்லும் ஈரலுக்கு முதலில் போவதில்லை, வழக்கமான அளவில் அந்த ஆபத்தைக் கூட்டுவதுமில்லை. உடல் பருத்தவர்கள், காலில் இரத்தக்கட்டி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் தெரிகிறவர்கள் ஹோர்மோன் மாத்திரையை விட்டுப் பட்டையைக் கேட்க வேண்டும். பிரசர் இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்; கட்டுக்குள் இருக்கும் பிரசர் ஹோர்மோனுக்குத் தடையில்லை. மார்புப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு, கடுமையான ஈரல் நோய், அண்மையில் வந்த மாரடைப்பு அல்லது பக்கவாதம், இப்போது இருக்கும் இரத்தக்கட்டி: இவற்றில் ஒன்று இருந்தால் ஹோர்மோன் பேச்சே வேண்டாம்.

ஹோர்மோன் என்றால் எது, எவ்வளவு, எங்கே கெடும்

கருப்பை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் ஈஸ்ட்ரஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. அது கருப்பையின் உள்தோலைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும்; அந்தத் தடிப்பு புற்றுநோயாக மாறலாம். தடுப்பதற்குப் புரொஜெஸ்ட்ரோன் கட்டாயம். மாதவிடாய் இன்னும் வந்துபோகிறவர்களுக்கு மைக்ரோனைஸ்ட் புரொஜெஸ்ட்ரோன் 200 மி.கி. மாதத்தில் 12 முதல் 14 நாள், இரவில். நின்று ஒரு வருடம் ஆனவர்களுக்கு 100 மி.கி. தினமும் இரவில். அது தூக்கம் வரவைக்கும் என்பதால் இரவு. பலருக்கு இதுவே லாபம். காலையில் விழுங்கிவிட்டு மலைக்குப் போனால் தலை சுற்றி, சரிவில் கால் தவறும். கருப்பை எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாகப் புரொஜெஸ்ட்ரோன் தேவையில்லை, செலவும் குறையும்.

பணத்தட்டுப்பாடு வந்தால் இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்தத் தோன்றும். எதைக் குறைத்தாலும் புரொஜெஸ்ட்ரோனை மட்டும் குறைக்காதீர்கள். சூட்டைக் குறைப்பது ஈஸ்ட்ரஜன்தானே, மற்றது எதற்கு என்று நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கக்கூடிய மிக ஆபத்தான தவறு. வெளியில் ஒன்றும் தெரியாமலே உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். வாங்க முடியாவிட்டால் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

பட்டை கிடைத்தால் வாரத்தில் இரண்டு தரம் மாற்ற வேண்டும். புதனும் ஞாயிறும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தொடங்குவது பெரும்பாலும் 25 அல்லது 50 மைக்ரோகிராம் பட்டையில். மார்பில் ஒட்டக் கூடாது. இடுப்பில் படங்கு கட்டி வேலை செய்கிறவர்களுக்கு இடுப்புக்கோட்டில் ஒட்டினால் உரசி உரிந்துவிடும்; முதுகின் மேற்பகுதியில் கூடை தேய்க்கும். அதனால் பிட்டத்தின் மேல் வெளிப்பக்கம், படங்கின் கட்டுக்குக் கீழே ஒட்டுவது நல்லது. எண்ணெய் தடவாத, துடைத்துக் காய்ந்த தோலில் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மழையில் நனைந்தால் பொதுவாகக் கழன்று விடாது, வியர்வையும் உரசலும் சேர்ந்தால்தான் கழலும். ஜெல் என்றால் கையிலோ தொடையிலோ பூசி ஐந்து நிமிடம் காய விட்டு, கையைக் கழுவி, ஒரு மணி நேரம் குளிக்காமல், பூசிய இடத்தில் குழந்தை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே காம்பராவில் பேரப்பிள்ளையோடு படுக்கும் பாட்டிக்கு ஜெல்லைவிடப் பட்டை தோது.

முதல் மூன்று மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இரத்தம் படுவது சகஜம். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டால், அல்லது நின்றிருந்த போக்கு திடீரென்று மறுபடி தொடங்கினால், ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மார்பு கனத்து வலிப்பது, வயிறு ஊதுவது, தலைவலி ஆகியவை பெரும்பாலும் அளவு கூடியதற்கான அடையாளம். நிறுத்தாமல் அளவைக் குறைத்தாலே சரியாகும்.

மித்துரி போன்ற கருத்தடை மாத்திரையை இதற்குப் பதிலாகச் சொந்த யோசனையில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பது வேறு வகை ஈஸ்ட்ரஜன், வீரியம் பல மடங்கு. ஐம்பதை எட்டும் பெண்ணுக்கு, அதுவும் பிரசரோடு, இரத்தக்கட்டிக்கும் பக்கவாதத்துக்கும் வழி. மறுபக்கம், ஹோர்மோன் சிகிச்சை கருத்தடையாக வேலை செய்யாது. ஐம்பதுக்குக் கீழே மாதவிடாய் நின்றவர்கள் இரண்டு வருடமும், மேலே நின்றவர்கள் ஒரு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும். எல்.ஆர்.டி. செய்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மனச்சோர்வு மாத்திரை என்றால்

எல்லா மாத்திரையும் சூட்டுக்கு ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. வென்லாஃபக்சின் 37.5 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 75க்குப் போவது. எஸ்கிட்டலோபிராம் 10 முதல் 20 மி.கி.; பரொக்செட்டின் குறைந்த அளவு. இந்த மூன்றுக்கும் சான்று உறுதி. பரொக்செட்டின் 7.5 மி.கி.க்கு 2013இல் அமெரிக்காவில் உடற்சூட்டுக்கென்றே அனுமதி கிடைத்தது. அந்த அளவு இல்லாத இடங்களில் 10 மி.கி. கொடுப்பார்கள். ஃப்ளுவொக்செட்டினும் செர்ட்ரலினும் எளிதில் கிடைப்பவை, விலையும் குறைவு, மனச்சோர்வுக்கு நல்லவை. சூட்டுக்கு மட்டும் நம்ப முடியாதவை. தூக்கத்துக்கென்று அமிட்ரிப்டிலின் கொடுத்தால் அது சூட்டை விடுங்கள், வாயை உலர்த்தி மலச்சிக்கலையும் கொண்டுவரும். ஆகவே கையில் இருப்பது எந்தப் பெயர் என்று பாருங்கள். "மனசுக்கு ஒரு குளிசை தந்தாங்க, சூடு குறையல" என்றால் பாதித் தடவை பெயரே பதிலைச் சொல்லிவிடும்.

முதல் பத்து நாள் குமட்டல், தலைபாரம், சிலருக்குத் தூக்கம் இன்னும் கெடுதல். சாப்பிட்ட பிறகு, காலையில் எடுத்தால் குமட்டல் குறையும். தாம்பத்தியத்தில் நாட்டமும் உணர்வும் குறைவதைப் பெண்கள் வெளியில் சொல்வதில்லை, டொக்டரும் கேட்பதில்லை. இருந்தும் மாத்திரையைக் கைவிடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். வென்லாஃபக்சின் பிரசரைக் கூட்டும் என்பதால், தொடங்கி ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது அளந்து பார்க்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலேயே அது முடியும்.

மலையகத்துக்கு மிக முக்கியமானது மற்ற மருந்துகளோடு வரும் மோதல். கூடை சுமந்த முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் டிக்ளோஃபெனக், இபுபுரோஃபென் விழுங்குவது அன்றாடம். அவற்றோடு இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். மலம் தார்போலக் கறுத்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்கு பரசிட்டமோல் போதும். ட்ரமடோல் வேண்டாம், இரண்டும் சேர்ந்து நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தான நிலையை உண்டாக்கலாம். பிரசருக்கு எச்.சி.டி. எனப்படும் சிறுநீர்க்குளிசை எடுக்கிறவர்களுக்கு இரத்தத்தில் உப்பு குறைந்து தலைச்சுற்றும் தடுமாற்றமும் வரலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் முதல் மாதத்தில் சோடியம் பார்த்துக்கொள்வது நல்லது. மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுக்கிறவர்களுக்குப் பரொக்செட்டினும் ஃப்ளுவொக்செட்டினும் ஆகவே ஆகாது. டமொக்சிஃபெனை உடம்பு வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதியை அவை அடைத்துவிடும். அவர்களுக்குத்தான் வென்லாஃபக்சின் மிகப் பொருத்தம். ஹோர்மோன் எடுக்க முடியாத இவர்களின் கைக்கு அதுவே நல்ல ஆயுதம்.

தவறவிடும் மாத்திரை இன்னொரு பிரச்சினை. பஸ் ஓடாத நாள், மண்சரிவு, கிளினிக் நாளில் வரும் விடுமுறை என்று மாத்திரை தீர்ந்துபோவது மலையில் புதிதல்ல. வென்லாஃபக்சின் ஒன்றிரண்டு நாள் தவறினாலே தலை கிறுகிறுக்கும், தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் இருக்கும், அழுகை வரும். எஸ்கிட்டலோபிராம் அதைவிடப் பொறுக்கும். ஹோர்மோன் நாலைந்து நாள் தவறினால் சூடு திரும்பி வரும், வேறு ஆபத்தில்லை. கருப்பை உள்ளவர்களுக்கு இரத்தம் படலாம். எதை எடுத்தாலும் ஏழு நாள் மாத்திரையைத் தனிப் பொட்டலமாக ஒதுக்கி வையுங்கள், அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

மனம் உண்மையிலேயே உடைந்திருந்தால்

இந்த வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றக் காலத்தைவிடக் கூடுதல், முன்பு ஒருமுறை வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். இரவு வியர்வை தூக்கத்தைக் கெடுத்து, அதனால் மனம் வாடுகிறது என்றால் ஹோர்மோனே மனத்தையும் தூக்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குற்ற உணர்வு குடைகிறது, சூடு ஏறாத இரவிலும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து யோசனை ஓடுகிறது என்றால் அது மனச்சோர்வு நோய். அதற்கு மனச்சோர்வு மருந்தை முழு அளவில் எடுக்க வேண்டும், ஹோர்மோனை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இரண்டும் சேர்த்து எடுப்பதற்குத் தடையில்லை. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு செலவும் பேச்சுமாக இருந்த நாட்கள் உண்டென்றால் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும்; அவர்களுக்கு இந்த மாத்திரை தனியாகக் கொடுத்தால் அந்த நிலை திரும்பலாம். சாக வேண்டும் போல எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் அழைக்கலாம். விபரீதம் நடந்துவிட்டால் 1990 அம்புலன்ஸ். கிருமிநாசினிப் போத்தலையும் மிச்ச மாத்திரையையும் வேறு வீட்டில் வைத்துவிடுங்கள்.

ஒன்று செய்வதை மற்றது செய்யாத இடம்

கீழே வறட்சி, எரிவு, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த்தொற்று: இவற்றில் மனச்சோர்வு மாத்திரைக்கு எந்தப் பங்கும் இல்லை. மலையில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைக்கிற பெண்ணுக்கு இந்தத் தொற்று இரட்டிப்பாகத் தொல்லை தரும். உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரஜன் கிரீம் அல்லது வில்லை, முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு தரம். உடம்பில் கலப்பது மிகக் குறைவு, அதனால் புரொஜெஸ்ட்ரோன் தேவையில்லை, ஹோர்மோன் மாத்திரை ஒத்துக்கொள்ளாத பலருக்கும் இது ஆகும். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எலும்பிலும் அப்படித்தான். ஹோர்மோன் எடுக்கும்வரை எலும்பு தேய்வது நிற்கும். மனச்சோர்வு மாத்திரை எலும்புக்கு ஒன்றும் செய்யாது, நீண்ட காலம் எடுத்தவர்களில் முறிவு சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. வழுக்கும் சரிவில் வேலை செய்கிறவருக்கு மணிக்கட்டு முறிந்தால் மாதக்கணக்கில் பெயர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடைக்காது. நெத்தலியும் பாலும் தயிரும் எந்த மருந்தோடும் சேரலாம்.

சோயாமீற்றைக் கறியாக்கிச் சாப்பிட்டால் போதும் என்பதும் கேட்கிறது. சோயாவில் ஈஸ்ட்ரஜனை ஒத்த பொருள் உண்டு, பலன் சிறியது. கறிக்கு ருசி, அவ்வளவே. இரவு வியர்வைக்கு மட்டும், வலிப்புக்கும் நரம்புவலிக்கும் கொடுக்கும் கபாபென்டின் 300 மி.கி. படுக்கும்போது எடுப்பது மூன்றாவது வழி. ஃபெசொலினெட்டன்ட் என்று புதிதாக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது ஹோர்மோனும் இல்லை, மனச்சோர்வு மருந்தும் இல்லை. அதை எடுப்பவர்களுக்கு ஈரல் பரிசோதனை அடிக்கடி செய்ய வேண்டும் என்பதால் இங்கே பேச்சளவில்தான்.

எங்கே போவது

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுவநாரி கிளினிக் 1996 முதல் நடக்கிறது. 35 வயதும் 45 வயதும் ஆன பெண்களுக்கென்று முதன்மையாக. மார்பு, பிரசர், சீனி, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். ஹோர்மோன் தொடங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அதே நாளில் முடிந்துவிடும். நாள் எது என்று மிட்வைஃபைக் கேட்டால் சொல்வார். அங்கிருந்து பெண் நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு டிக்கோயா, நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை என்று கிட்டியதற்குப் போகலாம். தோட்ட வைத்தியரிடம் ஹோர்மோனைத் தொடங்கித் தரும்படி கேட்காதீர்கள். பிரசரும் எடையும் பார்க்கவும் வலி மருந்தை மாற்றவும் அவர் போதும்.

சீட்டு கைக்கு வந்ததும் பஸ் ஏறாதீர்கள். ஹோர்மோன் மருந்து எல்லாப் பாமசியிலும் இருக்காது; மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் படம் பிடித்து, ஹட்டனிலோ கண்டியிலோ உள்ள பாமசிக்கு முதலில் போன் போடுங்கள். ஒரு மாத்திரையின் விலையை 30ஆல் பெருக்கி, கருப்பை இருந்தால் இரண்டு மருந்துக்கும் கூட்டி, மூன்று மாதம் தொடர முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அதை டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தொடர முடியாத நல்ல மருந்தைவிட, பெயர் சரியாகப் பார்த்துத் தெரிந்த எஸ்கிட்டலோபிராம் மேல்.

நிறுத்தும்போது

உடற்சூடு சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் நீடிக்கும் என்று அமெரிக்காவில் பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. ஆகவே ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று தொடங்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை மார்பு, பிரசர், எடை பார்த்து, தொடர்வதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹோர்மோனை ஒரேயடியாக நிறுத்தினாலும் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்தாலும் கடைசியில் வித்தியாசம் பெரிதில்லை. படிப்படியாகக் குறைத்தால் சூடு திடீரென்று திரும்பும் அதிர்ச்சி குறைவு. மனச்சோர்வு மாத்திரையை அப்படி விளையாட்டாக நிறுத்த முடியாது. வென்லாஃபக்சின் 75இலிருந்து 37.5க்கு இறங்கி இரண்டு முதல் நான்கு வாரம் நின்று பிறகுதான் நிறுத்த வேண்டும். அது கப்சூலாக இருந்தால் பாதியாக்குகிறேன் என்று திறந்து உள்ளே இருக்கும் மணிகளை நசுக்காதீர்கள்: நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். 37.5 கப்சூலைத் தனியாக எழுதி வாங்குங்கள்.